சோதித்தவர்: கிருபாகரன்

நாள் 3204, காலை 7.05
கடைக்கோடி வானிலை நிலையம், செவ்வாய்

காற்று தென்மேற்கிலிருந்து, வேகம் சாதாரணம். வெப்பம் மைனஸ் எழுபத்தொன்று. புழுதி குறைவு. தூண்கள் நாற்பதும் பேசுகின்றன.

இந்தக் குறிப்பேடு யார் கையில் கிடைத்தாலும் புரியட்டும் என்று அவ்வப்போது ஓர் அறிமுகம் எழுதி வைப்பேன். என் பெயர் செலின் அந்தோணி. ஊர் தூத்துக்குடி. இந்த நிலையத்தில் நான் ஒருத்திதான். காற்றையும் புழுதியையும் பார்த்துப் பெருங்குடிலுக்குச் சொல்வது என் வேலை. பெருங்குடில் என்பது மனிதர்கள் இருக்கும் இடம், இங்கிருந்து நானூறு கிலோமீட்டர். நடுவில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு தூண், ஒவ்வொரு தூணிலும் ஒரு ரவுட்டர். நான் சொல்வது அந்த ரவுட்டர்கள் வழியே கைமாறிக் கைமாறித்தான் அங்கே போகும். வண்டியில் வருகிறவர்களும் அந்தச் சிக்னலைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். இந்தக் கோளில் திசைகாட்டி முள் வேலை செய்யாது. வழிகாட்டும் துணைக்கோள் போன வருஷமே கண்ணை மூடிவிட்டது.

ரவுட்டர்கள் கே-7 என்ற மாடல். செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. அவற்றுக்குள்ளே இருந்து அவற்றை ஓட்டும் மென்பொருளின், ஃபர்ம்வேரின், பெயர் பொதுவலை. யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற வகை. கே-7 பெட்டியைப் பிரித்து, பலகையில் கம்பி பற்றவைத்து, உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று தடவித் தடவிக் கண்டுபிடித்து, அதைப் பொதுவலைக்குள் கொண்டுவந்தவள் நான். தூண் 1 முதல் 20 வரை இரண்டாம் தொகுதிப் பெட்டிகள். 21 முதல் என் வாசல் வரை முதல் தொகுதி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று. உள்ளே கம்பெனிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் சிலதை இடம் மாற்றியிருக்கிறான். இரண்டுக்கும் எழுதியது நானே.

பொதுவலையில் ஒரு வழக்கம் உண்டு. அதன் நிரலில் எந்த மாற்றம் என்றாலும் கீழே இரண்டு பெயர் வேண்டும். எழுதியவர் ஒருவர், நிஜப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தவர் ஒருவர். இரண்டு பெயர் இருந்தால் மாற்றம் பொதுவலையின் கிடங்கில் சேரும். மறுநாள் தூண்கள் தாமாகவே இறக்கிப் போட்டுக்கொள்ளும். பெட்டி ஒவ்வொரு முறை எழும்போதும் முதல் வரியாக அந்த இரண்டு பெயரையும் காட்டும். ஒன்பது வருஷமாக வரி மாறவில்லை.

எழுதியவர்: செலின். சோதித்தவர்: கிருபாகரன்.

கல்யாணப் பத்திரிகையில்கூட இரண்டு பெயர் ஒரு தடவைதான் அச்சாகும். எங்கள் பெயர் நாற்பது தூணில் அச்சாகியிருக்கிறது. அவன் பெருங்குடிலில் இருக்கிறான். நேரில் பார்த்தது நாலு தடவை.


நாள் 3206, காலை 7.20

காற்று அடக்கம். தூண்கள் நாற்பதும் பேசுகின்றன.

வாசல் ரவுட்டர் எழுந்தபோது காட்டிய வரி: எழுதியவர்: ராபியா. சோதித்தவர்: கிருபாகரன்.

டீ ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராபியா போன கப்பலில் வந்தவள். காயல்பட்டினத்துக்காரி. வந்த வேகத்தில் கே-7 பெட்டியின் பச்சை விளக்கு எரியாத பிழையைச் சரி செய்திருக்கிறாள். பெட்டி உயிரோடு இருந்தால் விளக்கு எரியும், அவ்வளவுதான். ஆளே இல்லாத பாலைவனத்தில், தூண் உச்சியில், யார் பார்க்க அந்த விளக்கு? அதற்குக் கிருபா மடல்குழுவில் எல்லாரும் பார்க்க எழுதியிருக்கிறான்: "அருமையாக ஓடுகிறது."

எனக்கு இந்த ஒன்பது வருஷத்தில் "ஓடுகிறது" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறான். அருமை எங்கிருந்து வந்தது?

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இதையும் எழுத வேண்டும். நான் எழுதியது ஓடாமல் போனால் அதை அவன் ஒருநாளும் மடல்குழுவில் போட்டதில்லை. தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ பாரு, செலின்" என்பான். எங்கே பிழை என்றுகூடச் சொல்ல மாட்டான். நானே கண்டுபிடித்துக்கொள்வேன் என்று விட்டுவிடுவான்.

அவளிடமும் அப்படிச் சொல்வானோ என்று யோசித்தபடி காலைப் பதிவுகளில் இரண்டைத் தவறவிட்டேன்.


நாள் 3210, பகல் 12.40

ராபியாவின் அடுத்த மாற்றம் என் பார்வைக்கு வந்திருக்கிறது. கே-7 என் பொறுப்பு என்பதால், விளக்கு மாதிரிச் சின்னத் திருத்தம் தவிர மற்றது நான் பார்த்த பிறகுதான் சேரும்.

பெட்டிக்குள் ஃபர்ம்வேரை இரண்டு பிரதியாக வைக்கலாம் என்கிறாள். புதிதாக ஒன்றைப் போடும்போது பெட்டி அதைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கும். ரேடியோ பேசவில்லை என்றால் பெட்டி தானே பழைய பிரதிக்கும் பழைய நினைவகத்துக்கும் திரும்பிவிடும். கூடவே குரல் செய்தி:

"செலின் அக்கா, சொகமா இருக்கீங்களா? ஒங்க எழுத்தத்தான் வரி வரியாப் படிச்சேன், அதுலருந்துதான் எல்லாம் கத்துக்கிட்டேன். தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

அக்காவாம். ஆள் பட்டியலைப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது பெரியவள்.

மாற்றத்தை மூன்று முறை படித்தேன். குற்றம் தேடித்தான் படித்தேன். அகப்படவில்லை. அகப்படாததுதான் வயிற்றெரிச்சல். சுத்தமாக எழுதுகிறாள். நான் இருபது வரியில் சுற்றி வளைத்ததை அவள் ஆறு வரியில் முடித்திருந்தாள்.

பதில் எழுதினேன்: "வரிகளின் முடிவில் தேவையில்லாத இடைவெளிகள் உள்ளன. விளக்கக் குறிப்பு நீளம். திருத்தி அனுப்பவும்."


நாள் 3213, மாலை 4.10

திருத்தி அனுப்பினாள். "இந்தப் பெட்டியில் இருக்கும் இடமே கொஞ்சம். இரண்டு பிரதி வீண். அவசியம் என்ன என்று விளக்கவும்" என்று திருப்பி அனுப்பினேன். இடம் போதும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பொறாமைதான். இந்த நிலையத்தில் கேட்க ஆளில்லாததால் எழுதியே விடுகிறேன். பொறாமை, பொறாமை. வேறு நல்ல பெயர் வைக்கத் தெரியவில்லை.


நாள் 3216, காலை 8.30

வெப்பம் மைனஸ் எண்பத்தெட்டு. அதிகாலைக் குளிரில் ரேடியோக்கள் விக்குகின்றன. கொஞ்ச நேரம் பேச்சு அறுந்து பிறகு வருகிறது.

ராபியாவை முந்த எனக்கு இது போதும். மூன்று நாளாகத் தூங்காமல் கொள்ளாமல் எழுதி முடித்துவிட்டேன். பெட்டி குளிரை அளந்து, அதற்கேற்ப ரேடியோவின் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். அளவுகளை எழுதிவைக்கக் கொஞ்சம் இடம் வேண்டும். நினைவகத்தின் நடுவில் காலியாக ஒரு துண்டு கிடக்கிறது. அங்கே எழுதச் சொல்லிவிட்டேன். வாசல் ரவுட்டரில் போட்டுப் பார்த்தேன். விக்கல் நின்றுவிட்டது. அருமையாக ஓடுகிறது. ஆமாம், அருமை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

கிருபாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.


நாள் 3218, பகல் 1.15

கிருபாவின் பதில்:

"செலின், வண்டில ஒனக்குச் சாமான் ஏத்திக்கிட்டு இருக்கேன். வருஷச் சாமான். நாளைக்குக் காலைல கெளம்புதேன். ஒன் மாத்தத்த இப்போ பாக்க முடியாது. அங்க வந்து நிதானமாப் பாக்கேன். ராபியா எழுதுனதயும் ஒன் பக்கத்துப் பெட்டில போட்டுப் பாக்கணும். நாலு நாள்ல ஒண்ணும் குடி முழுவிப் போவாது."

நாலு மாதமாக அவன் வரவை எண்ணிக்கொண்டிருந்தேன். வருகிறான், ராபியாவின் மாற்றத்தைக் கையில் எடுத்துக்கொண்டு.

பின்னாலேயே அவளுடைய செய்தி:

"அக்கா, ஒங்க குளிர் மாத்தம் பாத்தேன், ரொம்ப நல்லா இருக்கு. ரெண்டாந் தொகுதிப் பெட்டில போட்டுப் பாத்தாச்சா? கிருபாண்ணன் வண்டி வேலைல இருக்காங்க. வேணும்னா நான் பாத்துத் தரட்டா? ஒரு நாள் வேலதான். அண்ணன் என்னைய மொதல்ல கேக்குறதே அதுதான், எதுக்குமே. செலினோட பெட்டில இது ஓடுமா, அவ எழுதுனத இது கெடுக்குமான்னு. அத நான் சரின்னு சொன்னாத்தான் கையால தொடுவாங்க."

கிருபாண்ணன். எப்போது அண்ணன் ஆனான்?

இரண்டாம் தொகுதியில் போட்டுப் பார்த்தாயா என்று என்னைக் கேட்கிறாள். அந்தப் பெட்டியை இந்தக் கோளுக்கே அறிமுகம் செய்துவைத்தவளைப் பார்த்து. என் எழுத்துக்குக் கீழே அவள் பெயரா? செலின், ராபியா என்று நாற்பது தூணும் காட்டுமா? "வேண்டாம், நன்றி" என்று பதில் போட்டேன்.


நாள் 3219, மாலை 5.30

கிருபா காலையில் கிளம்பிவிட்டான். தூண் 4-ஐக் கடந்ததாகச் செய்தி.

பொறுப்பாளர் பத்து நாளுக்குள் பிழை இன்னதென்று காட்டி நிறுத்தாவிட்டால் மாற்றம் தானாகச் சேரும் என்பது விதி. இரட்டைப் பிரதிக்கு நாளை பத்தாவது நாள். அதில் அவன் பெயர் ஏற்கனவே இருக்கிறது. அவன் இங்கே வந்து இறங்கும்போது என் வாசல் ரவுட்டர் அவர்கள் இருவர் பெயரையும் காட்டிக்கொண்டு நிற்கும்.

என்னுடையது முன்னால் சேர்ந்துவிட்டால் அவள் தன்னுடையதை என்னுடையதற்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும். இன்னும் ஒரு வாரமாவது தள்ளும்.

அவன் எப்படியும் சோதிக்கத்தான் போகிறான். நான் எழுதியதை அவன் சோதிக்காமல் விட்டதே இல்லை. நாலு நாள் முன்பின், அவ்வளவுதானே.

எழுதியவர்: செலின். சோதித்தவர்: கிருபாகரன்.

இரண்டு பெயரையும் நானே அடித்துவிட்டேன். கிடங்கில் சேர்ந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.


நாள் 3220, காலை 7.00

எல்லாத் தூண்களும் புதியதை இறக்கி வைத்துக்கொண்டன. இன்று பகலில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளும். வாசல் ரவுட்டர் போட்டுக்கொண்டுவிட்டது. எங்கள் வரி திரும்ப வந்துவிட்டது. முந்திப் போட்டுக்கொண்ட தூண் 33, 28 இரண்டும் நலம்.

தென்மேற்கில் புழுதிச் சுவர் எழுகிறது. பெரியது. பெருங்குடிலுக்கும் கிருபாவுக்கும் எச்சரிக்கை அனுப்பினேன். சிக்னல் இருக்கும்வரை புழுதி அவனுக்கு ஒரு பொருட்டில்லை. இதைவிட மோசமானதில் வந்திருக்கிறான்.


நாள் 3220, காலை 10.50

தூண் 6 பேசவில்லை. தூண் 2 பேசவில்லை. பெருங்குடிலின் குரல் இல்லை.


நாள் 3220, காலை 11.20

கிருபாவின் செய்தி. எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்:

"செலின், பதினொண்ணாந் தூணுக்கு அடில நிக்கேன். இது இப்போதான் புதுசப் போட்டுக்கிட்டு எழுந்திருக்கு. வெளக்கு எரியுது, ஆனா சத்தமில்ல. கேபிளக் குத்திப் பாத்தேன். என் பேரு போட்டிருக்கே? நான் இத எப்பச் சோதிச்சேன்? செலின்? எனக்குப் பின்னால ஒரு தூணும் பேசல. முன்னால பன்னெண்டு இன்னும்"

அதோடு அறுந்துவிட்டது.


நாள் 3220, பகல் 12.35

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானே எழுதிய கோப்பில் நானே எழுதிய வரி.

ஒவ்வொரு ரேடியோவுக்கும் அதற்கே உரிய அளவுகள் உண்டு. தொழிற்சாலையில் ஒருமுறை அளந்து பெட்டிக்குள் எழுதி அனுப்புவார்கள். நாங்கள் அதைச் சுருதி என்போம். ஒரு பெட்டியின் சுருதி இன்னொன்றுக்கு ஆகாது. அது அழிந்தால் பெட்டி எழும், விளக்கு எரியும், எல்லாம் ஓடும். ரேடியோ மட்டும் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் கேட்காது. முதல் தொகுதியில் சுருதி நினைவகத்தின் கடைசியில் இருக்கிறது. இரண்டாம் தொகுதியில் நடுவில். நான் காலி என்று நினைத்த இடத்தில்.

இரண்டாம் தொகுதித் தூண்கள் வரிசையாகத் தங்கள் சுருதியை அழித்துக்கொண்டு ஊமையாகின்றன. எந்நேரம் எது போட்டுக்கொள்ளும் என்று அவற்றுக்கே தெரியாது.

என் பக்கமிருந்து ஒவ்வொன்றாக உள்ளே புகுந்து நிறுத்தினேன். 20 நிறுத்தியாயிற்று. 19, 18. 17-இல் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேன். பிறகு நிறுத்தியாயிற்று. 16 நிறுத்தியாயிற்று. 15-க்குள் போனபோது அது எழுந்துகொண்டிருந்தது. எங்கள் பெயரைக் காட்டிவிட்டு ஊமையாகிவிட்டது.

15 முதல் பெருங்குடில் வரை ஒரு சத்தமும் இல்லை. கிருபா அதற்கு நடுவில் இருக்கிறான். புழுதிச் சுவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

ராபியாவின் இரட்டைப் பிரதி இருந்திருந்தால் ஒவ்வொரு பெட்டியும் திணறியவுடன் பழையதற்குத் திரும்பியிருக்கும். இன்றுதான் அதற்குப் பத்தாவது நாள்.


நாள் 3220, மாலை 3.00

கிளம்புகிறேன். என் சின்ன வண்டியில் மூன்று நாள் காற்று. அவனுடைய பெரிய வண்டியில் பத்து நாளுக்கு மேல் இருக்கும், ஆனால் வழி தெரியாத வண்டிக்குக் காற்று இருந்து என்ன. 16 வரை எனக்குச் சிக்னல் உண்டு. அதற்குப் பிறகு சக்கரக் கணக்கை நம்பித்தான் போக வேண்டும். திரும்பி வரக் காற்று போதாது. அவனைக் கண்டுபிடித்துவிட்டால் இரண்டு பேருக்கும் போதும்.


நாள் 3222, காலை 5.40
தூண் 15

16-ஐத் தாண்டியதும் முன்கண்ணாடிக்கு வெளியே செங்கல்பொடி நிறம், வேறொன்றும் இல்லை. சக்கரக் கணக்கு பத்து கிலோமீட்டர் காட்டியபோது நிறுத்தினேன். தூண் இல்லை. வட்டமடித்தேன். மூன்றாவது வட்டத்தில் புழுதிக்குள் உயரத்தில் பச்சையாக ஒரு பொட்டு தெரிந்தது. விளக்கு. ராபியாவின் விளக்கு. யார் பார்க்க என்று கேட்டவளே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேபிளை வண்டிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் வண்டி புதைந்துபோகலாம், தூண் நிற்கும். அதனால் குறிப்பேடு முழுவதையும் ஒவ்வொரு தூணின் நினைவகத்திலும் எழுதிவிட்டுப் போகிறேன். இடம் கொஞ்சம்தான். நிறைந்துவிட்டால் அதற்குமேல் ஓர் எழுத்தும் ஏறாது.

கிருபா இங்கே வரவில்லை. கேபிள் மூடியின் மேல் புழுதி கலையாமல் இருந்தது.


நாள் 3222, காலை 8.05
தூண் 14

எழுதியவர்: செலின். சோதித்தவர்: கிருபாகரன். ஒவ்வொரு தூணிலும் கேபிளைக் குத்தியதும் இதுதான் முதல் வரி. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

கிருபா இல்லை.


நாள் 3222, காலை 10.15
தூண் 13

கிருபா இல்லை.

ராபியாவின் அந்தச் செய்தியைத் திரும்பக் கேட்டேன். அண்ணன் மொதல்ல கேக்குறதே அதுதான். செலினோட பெட்டில இது ஓடுமா. அவ எழுதுனத இது கெடுக்குமா. அன்றைக்கு இதில் எனக்குக் கேட்டது அண்ணன் என்ற ஒரு சொல்தான். அவளுடையதை அவன் சோதித்ததே என்னுடையதைக் காப்பாற்றத்தான் என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். காதில் ஏறவில்லை.

பெருங்குடில் பக்கத்திலிருந்து யாராவது கிளம்பியிருந்தால் அது அவளாகத்தான் இருக்கும். வரட்டும். அவள் வர வேண்டும் என்று இதுவரை ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறேன்.

மூடியை இறுக்கி மூடிவிட்டு 12-க்குப் போகிறேன்.


நாள் 3222, பகல் 1.30
தூண் 12

மூடி திறந்திருந்தது.

உள்ளே அவன் இருந்த தடம். இரண்டு நாள் இங்கேயே நின்றிருக்கிறான். ரேடியோவை எழுப்ப முயன்றிருக்கிறான். இந்தத் தூணிலிருந்து யாரையெல்லாம் கூப்பிட்டான் என்று பெட்டி குறித்து வைத்திருக்கிறது. முதலில் யாரைக் கூப்பிட்டான் என்று பார்த்தேன். காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது, நான் அதைத்தான் பார்த்தேன்.

என்னைத்தான். முதலிலும் பிறகும் கடைசியிலும். ஒன்றுகூடக் கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டவில்லை.

கீழே முறைப்படி ஓர் அறிக்கை எழுதியிருக்கிறான்:

"மாற்றம்: கே-7 குளிர்ச் சக்தி. எழுதியவர்: செலின். சோதித்தவர்: கிருபாகரன். பெட்டி: இரண்டாம் தொகுதி, தூண் 12. முடிவு: ஓடவில்லை. நாள் 3222, காலை 6.40. தூண் 13 நோக்கிப் போகிறேன்."

சோதித்துவிட்டான். அந்த வரி இனிமேல் பொய் இல்லை.

காலை 6.40-க்கு 13-க்குக் கிளம்பியிருக்கிறான். 10.15-க்கு நான் 13-இல் இருந்தேன். அவன் இல்லை. வழியில் எங்கோ புழுதிக்குள் ஒருவரையொருவர் தாண்டியிருக்கிறோம். அல்லது அவன் தடம் மாறியிருக்கிறான்.

திரும்புகிறேன்.


நாள் 3222, மாலை 5.10
தூண் 13

மூடி திறந்திருக்கிறது. நான் மூடிவிட்டுத்தான் போனேன்.

அவன் பகல் 12.05-க்கு இங்கே வந்திருக்கிறான். என் குறிப்பேட்டைத் திறந்திருக்கிறான். முழுவதும். விளக்கு, அக்கா, பொறாமை, கல்யாணப் பத்திரிகை, அவன் பெயரை நான் போட்ட மாலை. எல்லாம் படித்திருக்கிறான். கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறான்:

"படிச்சிட்டேன். நீ 12-க்குப் போயிருக்க, அங்கயே வாரேன்.
இன்னொரு தடவ பாரு, செலின்."

மறுபடி தாண்டிவிட்டோம். அவன் இப்போது 12-இல் நிற்பான். நான் திரும்பி வந்ததை என் எழுத்தில் படிப்பான். திரும்ப இங்கே கிளம்புவான். நான் போனால் அவன் வருவான், அவன் வந்தால் நான்

இல்லை. நகர மாட்டேன். அவனுக்குக் காற்று இருக்கிறது, வருவான். எனக்கு நாளை மதியம் வரை. இந்தத் தூணை விட்டு நகர மாட்டேன்.

ரேடியோவைத் தொடர்ந்து கூப்பிடும்படி வைத்திருக்கிறேன். அது கத்துவது எனக்கு மட்டும்தான் கேட்கிறது.


மாலை 5.48

பெட்டியில் இடம் தீரப்போகிறது. சுருக்கமாக. ராபியா, உன் மாற்றத்தைச் சேர்த்துவிடு. வரிகளின் முடிவில் இடைவெளி எதுவும் இல்லை. முதல் தடவையே இல்லை. என் மாற்றத்திலிருந்து அவன் பெயரை எடுத்துவிடு. ஓடவில்லை என்று போட்டு எடு


5.51

வெளிச்சம். தென்பக்கம், கீழே, தூண் உயரத்தில் இல்லை. தூண் விளக்கின் பச்சையா, வண்டி விளக்கின் மஞ்சளா தெரியவில்லை. அசைகிறது மாதிரி இருக்கிறது. கொஞ்ச தூரம்தான். பார்த்துவிட்டு வந்து


தூண் 13, தானியங்கிப் பதிவு
நாள் 3222, மாலை 5.52. கேபிள் துண்டிக்கப்பட்டது.
நாள் 3223, காலை 6.18. பெட்டி எழுந்தது.
எழுதியவர்: செலின். சோதித்தவர்: கிருபாகரன்.
நாள் 3223, காலை 6.19. கேபிள் இணைக்கப்பட்டது. பயனர்:
நினைவகம் நிறைந்தது.